குமரிக் கரையில் கம்பளித் தொப்பியா? – வாசகர் கேள்வி பதில்

ஓய்வுநேரக் கைவேலைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் பெரும்பாலானவை பின்னல் வேலையைப் பற்றியவை. அதிலும் தொப்பி, பிடிதுணி, விரிப்பு முதலிய சிறு பொருள்களைப் பற்றியவை. அவற்றுள் குமரி மாவட்டத்து வாசகர்கள் எழுதிய சிலவற்றுக்கு இவ்விதழில் விடை தருகிறோம்.

நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. பகலில் வேலை இல்லாமையால் மனம் ஒன்றையே சுற்றிச் சுற்றி வருகிறது. இரவில் உறக்கமும் பிடிப்பதில்லை. கம்பளித் தொப்பி பின்னக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றேன். "இந்தப் புழுக்கத்துக்குத் தொப்பி யாருக்கு மாமி?" என்று மருமகள் சிரிக்கிறாள். அவள் சொல்வதும் சரிதானோ என்று தோன்றுகிறது. பின்னலால் மனம் அமைதியடைகிறது என்பதற்கு ஆய்வு ஏதும் உண்டா?
– வாசகி, தக்கலை

மருமகள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் விடையில்லாத கேள்வி அன்று. மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவர்களும், கோயிலுக்கோ ஆலயத்துக்கோ புறப்படுகிற முதியவர்களும் தலையில் துண்டையோ மஃப்ளரையோ சுற்றிக்கொண்டு நடப்பதை உங்கள் தெருவிலேயே பார்க்கலாம். விடியுமுன் ரப்பர்த் தோட்டத்துக்குப் போகிற பால்வெட்டுத் தொழிலாளி, இரவெல்லாம் வள்ளத்தில் கடற்காற்றை வாங்கிக்கொண்டிருக்கும் மீனவர், குளிர்நாட்டில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பிள்ளை என்று எண்ணிப் பார்த்தால், பின்னிய தொப்பிக்குத் தலை கிடைக்காமற் போகாது.

எனினும், தொப்பியை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே எமது கருத்து. பின்னலில் இரண்டு கைகளும் ஒரே தாளத்தில், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. கண்ணும் விரலும் அதில் ஈடுபட்டிருக்கும்போது கவலைக்குக் கிடைக்கும் இடம் குறைகிறது. ஆனால் அந்த வேலையே கணக்கும் கவனமும் மிகுதியாகக் கேட்கத் தொடங்கிவிட்டால், பழைய கவலையின் இடத்தில் புதிய கவலை ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். மன ஓய்வுக்காகப் பின்னுகிறவர், தமக்குத் தெரிந்ததைவிட ஒரு படி எளிதான பொருளையே கையில் வைத்திருக்க வேண்டும். புத்தகத்தில் பார்த்த பூவேலைப்பாடு பிறகு வரட்டும்.

ஆதலால் முதலில் பாத்திரம் துடைக்கும் பருத்தித் துணி ஒன்றைப் பின்னுங்கள். 8ஆம் எண் ஊசியும் (இது 4 மி.மீ. பருமன், நம் கடைகளில் எண் கூடக் கூட ஊசி மெலியும்) சற்றுத் தடித்த பருத்தி நூலும் போதும். ஊசியில் 40 கண்ணிகளை (நூல் வளையங்களை) ஏற்றி, எல்லா வரிசைகளையும் நிட் என்னும் அடிப்படைப் பின்னலாகவே பின்னிக்கொண்டு வந்தால் 80 வரிசைகளில் ஏறத்தாழ ஒரு சதுரம் கிடைக்கும். வரிசைகளைக்கூட எண்ண வேண்டியதில்லை. துணியை மூலைக்கு மூலை மடித்துப் பார்த்து, ஓரங்கள் ஒட்டி நின்றால் முடித்துவிடலாம். கண்ணி ஒன்று நழுவினாலும் பாத்திரம் துடைக்க அது தடையில்லை. பருத்தி நம் ஊர் வியர்வைக்கு ஏற்றது. கோடையில் மடியில் உல்லன் உருண்டையை வைத்துக்கொண்டு பின்னுவதே ஒரு தண்டனை.

பின்னலால் மனம் அமைதியடைகிறது என்பதற்கு ஆய்வு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை ஆய்விதழில் 2013-இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பில், பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பேர் பங்கேற்றனர். அடிக்கடி பின்னுகிறவர்கள் தாங்கள் கூடுதலான அமைதியையும் மகிழ்ச்சியையும் உணர்வதாகத் தெரிவித்திருந்தனர். இதை அளவோடு எடுத்துக்கொள்வது நல்லது. பதில் சொன்னவர்கள் அனைவரும் ஏற்கெனவே பின்னலை விரும்புகிறவர்கள். பிடிக்காமல் ஊசியைத் தூக்கிப் பரணில் போட்டவர்களை அங்கே யாரும் கேட்கவில்லை. உறக்கமின்மை பல வாரங்களாக நீடிக்குமானால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மற்றபடி, இரவு உணவுக்குப் பின் நல்ல வெளிச்சத்தில் அரைமணி நேரம் பின்னுங்கள். புதிய பின்னல் முறை எதையும் அந்நேரத்தில் தொடங்க வேண்டாம், கறுப்பு நூலையும் எடுக்க வேண்டாம்.

அண்ணன் மகன் படிப்புக்காகக் கனடா போகிறான். "எத்தனை தொப்பி வாங்கினாலும் அத்தை பின்னியது ஒன்று வேண்டும்" என்கிறான். எனக்கு நிட்டும், அதன் மறுபுறப் பின்னலான பர்லும் தெரியும்; ஆனால் வட்ட ஊசி இல்லை. இரண்டு நேர் ஊசிகளால் தொப்பி பின்ன முடியுமா? எத்தனை கண்ணி ஏற்ற வேண்டும்?
– வாசகி, மார்த்தாண்டம்

முடியும். தட்டையாகப் பின்னிப் பின்புறத்தில் தைத்துவிட்டால் அதுவே தொப்பி. கண்ணிகளின் எண்ணிக்கையைப் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அது உங்கள் நூலும் ஊசியும் கையின் இறுக்கமும் சேர்ந்து சொல்ல வேண்டிய கணக்கு. தொப்பிக்கு வாங்கிய நூலிலேயே 30 கண்ணிகள் ஏற்றி, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று 12 செ.மீ. உயரத்துக்கு மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, நனைத்து உலர்த்தி, நடுவில் 10 செ.மீ. அகலத்துக்குள் எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இந்த ஒரு மாலை நேரத்தை மிச்சம்பிடிக்க நினைத்தவர்களின் தொப்பிகள்தாம் பல வீடுகளில் டீப்பாத்திரத்துக்கு உறையாகக் கிடக்கின்றன.

பெரியவர்களின் தலைச்சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 58 செ.மீ. வரை இருக்கும். தொப்பி தலையைப் பிடித்து நிற்க, அதைவிட ஏறத்தாழ 5 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். உங்கள் மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள் என்றும், பையனின் தலைச்சுற்றளவு 56 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். 51 செ.மீ.க்கு 102 கண்ணிகள் வரும். 8-ஆல் மீதமின்றி வகுபடும்படி அதை 104 ஆக்கிக்கொள்ளுங்கள். கூடுதலான கண்ணிகளைத் தையல் எடுத்துக்கொள்ளும்.

104 கண்ணிகளை ஏற்றி, 2 நிட், 2 பர்ல் என்ற ரிப் பின்னலில் 8 செ.மீ. பின்னுங்கள். இந்தப் பகுதியைப் பாதியாக மேல்நோக்கி மடித்தால் காதுகளின் மேல் இரண்டு அடுக்கு கிடைக்கும். குளிர்காற்று பின்னலின் இடைவெளிகளில் எளிதாக நுழைந்துவிடும் என்பதால், கனடாவுக்குப் போகும் தொப்பிக்கு இந்த மடிப்பு அவசியம். பின்னர் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என 10 செ.மீ. பின்னியபின் குறைக்கத் தொடங்கலாம். நிட் வரிசையில் 11 கண்ணிகளைப் பின்னி, அடுத்த இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். வரிசை முடியும்வரை இப்படியே செய்தால் 8 கண்ணிகள் குறையும். பர்ல் வரிசையில் எதையும் குறைக்க வேண்டாம். அடுத்த நிட் வரிசையில் 10 கண்ணிகளுக்குப் பின் சேர்ப்பது, அதற்கடுத்ததில் 9 கண்ணிகளுக்குப் பின் சேர்ப்பது என்று தொடர்ந்தால், கடைசியில் ஊசியில் 8 கண்ணிகள் எஞ்சும். நூலை ஒன்றரை முழம் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து அந்த எட்டுக்குள்ளும் செலுத்தி இறுக்கி, அதே நூலால் பின்புறத்தைத் தைத்துக்கொண்டு இறங்குங்கள். அடியிலுள்ள 4 செ.மீ.க்கு வந்ததும் துணியைத் திருப்பி மறுபுறத்திலிருந்து தையுங்கள்; அப்போதுதான் மடித்தபின் தையல் வெளியே தெரியாது.

நூலைப் பொறுத்தவரை, உண்மையான ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் தொட்டால் நனைந்ததுபோலத் தோன்றாது. பனிநாட்டுக்கு அதுவே சிறந்தது. ஆனால் வெந்நீரில் அலசினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். விடுதியில் எல்லாத் துணிகளையும் ஒன்றாக இயந்திரத்தில் போடுகிற பிள்ளையென்றால், நம் ஊரில் உல்லன் என்ற பெயரில் பெரும்பாலும் கிடைக்கும் அக்ரிலிக் நூலிலேயே பின்னி அனுப்புங்கள்.

மீந்துபோன உல்லனில் அடுப்படிக்குப் பிடிதுணி பின்னினேன். சூடான வாணலியைப் பிடித்தபோது அது இளகிக் கையில் ஒட்டிக்கொண்டது. நூல் மட்டமானதா?
– வாசகி, நாகர்கோவில்

நூலின் தரத்தில் குறையில்லை; இடம்தான் தவறு. அக்ரிலிக் என்பது செயற்கை இழை. சூட்டில் இளகிச் சுருங்கித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தீ பட்டால் விரைவாக எரியும். அடுப்பருகே எந்த வடிவிலும் அதை வைக்காதீர்கள். கையிலிருக்கும் நூல் எது என்று ஐயமிருந்தால், விரல்நீளத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, தொட்டித் தண்ணீருக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். ஆட்டுக் கம்பளி முடி பொசுங்கும் நாற்றத்தோடு கருகித் தானே அணையும். அக்ரிலிக் கெட்டியான கரிய மணியாக உறைந்து நிற்கும்.

பிடிதுணிக்குப் பருத்தி நூலில் இரண்டு சதுரங்கள் பின்னி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தையுங்கள். ஈரத்துணியால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கவே கூடாது. ஈரம் சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும். பாத்திரத்தின் அடியில் வைக்க வேண்டுமென்றால் நம் மாவட்டத்துக் கயிறு இருக்கவே இருக்கிறது. விரல் பருமனுள்ள தேங்காய்நார்க் கயிற்றைச் சுருளாக வைத்து, அதைச் சுற்றிப் பருத்தி நூலால் குரோஷா (ஒற்றைக் கொக்கி ஊசிப்) பின்னலிட்டு இணைத்துக்கொண்டே போனால், பழைய வைக்கோல் புரிமணையின் இடத்தில் வைக்க அழகான ஒன்று கிடைக்கும். குரோஷாவில் ஒரு கண்ணிதான் எப்போதும் ஊசியில் இருக்கும் என்பதால், பாதியில் எழுந்துபோக நேர்ந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பின்னுகிறவர்களுக்கு அதுவே ஏற்றது.

கடலுக்குப் போவதை விட்டுவிட்டேன். வலை பின்னவும் கிழிசல் முடியவும் சிறு வயதிலிருந்தே தெரியும். பேத்தி குரோஷா ஊசியோடு உட்காரும்போது எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆணாகப் பிறந்தவன் இதைச் செய்தால் ஊரில் சிரிப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
– வாசகர், குளச்சல்

ஐயா, ஐரோப்பாவில் முற்காலத்தில் பின்னல் தொழிலுக்கென்று இருந்த சங்கங்கள் ஆண்களின் சங்கங்களாகவே இருந்தன. வலையைக் கையில் எடுத்தபோது சிரிக்காத ஊர், நூலை எடுத்தால் மட்டும் எதற்குச் சிரிக்க வேண்டும்?

உங்களுக்கு ஒரு பெரிய சாதகமும் ஒரு சிறு இடைஞ்சலும் உண்டு. நூலை ஒரே அளவு இறுக்கத்தில் விடுவது புதிதாகக் கற்கிறவர்களுக்கு மாதக்கணக்கில் பிடிபடாது; அது உங்கள் விரல்களில் ஏற்கெனவே இருக்கிறது. இடைஞ்சல் என்னவென்றால், வலையின் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சு. இழுத்து இறுக்கினால்தான் அது வலை. ஊசிப் பின்னலில் முடிச்சே கிடையாது. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் நுழைந்து நிற்கிறது, அவ்வளவுதான். பழக்கத்தால் நீங்கள் இறுக்கிவிடுவீர்கள். இறுக்கினால் ஊசி உள்ளே நுழையாது. ஆகையால் பேத்தி பயன்படுத்துவதைவிடத் தடித்த ஊசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நுனிநூலை இழுத்தால் முழுவதும் பிரிந்து வந்துவிடுமே என்று முதலில் பதைப்பாக இருக்கும். பிரித்த நூலை மறுபடியும் பின்னலாம் என்பதே இதில் வசதி.

முதல் வேலையாகச் சந்தைக்குக் கொண்டுபோகும் பை ஒன்றைப் பின்னுங்கள். அதன் பின்னல் வலையின் தோற்றத்துக்கு மிக அருகில் இருக்கும். சுருட்டினால் சட்டைப்பைக்குள் அடங்கும். தேங்காய் நாலைந்து வைத்தாலும் தாங்கும்.

என் அம்மச்சி நாகர்கோவிலில் லேஸ் பின்னியவர். அவருடைய தலையணையும் குச்சிகளும் வீட்டில் இருக்கின்றன. ஊசிப் பின்னல் கற்றால் அந்த வேலையும் வந்துவிடுமா?
– வாசகி, இரணியல்

வராது, இரண்டும் வெவ்வேறு கலைகள். ஊசிப் பின்னல் ஒரே நூலால் ஆவது. ரேந்தை என்று நம் முதியவர்கள் சொல்லும் தலையணை லேஸில், பல குச்சிகளில் தனித்தனியாகச் சுற்றிய நூல்களை, தலையணைமேல் விரித்த படத்தில் குண்டூசிகளைக் குத்திக்கொண்டே ஒன்றோடொன்று மாற்றி முறுக்க வேண்டும். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளின் உறைவிடப் பள்ளியில் இதைக் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற பணம் அப்பள்ளியை நடத்த உதவியது. பெண்கள் படிப்பதே அரிதாக இருந்த அக்காலத்தில், நூல்வேலை அவர்கள் கைக்குக் காசையும் எழுத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. மன ஓய்வுக்காகத் தொடங்குகிறவருக்கு அது கடினமான வாயில். ஆனால் அந்தக் குச்சிகளைப் பழைய சாமானோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்; அம்மச்சியோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால், நூல் சுற்றும் முறையையாவது இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

கணவர் ரப்பர் பால்வெட்டுக்காரர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். அவருக்கு எப்படிப்பட்ட தொப்பி?
– வாசகி, குலசேகரம்

குளிர்ந்த வேளையில்தான் மரம் நன்றாகப் பால் சுரக்கும் என்பதால் அவர் அந்நேரத்தில் போவதைத் தவிர்க்க முடியாது. ஆனால் மரத்துக்கு மரம் நடக்கும்போது உடம்பு சூடேறி வியர்க்கும். எனவே மெல்லிய பருத்தி நூலில், முழுவதும் ரிப் பின்னலாக, மடிப்பு இல்லாமல் பின்னுங்கள். விளக்கின் பட்டை நழுவாமல் நிற்கும். ரப்பர்ப் பால் பட்டு உலர்ந்தால் நூலை விட்டுப் போகாது. ஆதலால் வெள்ளையை விட்டுவிட்டு மங்கலான நிறம் வாங்குங்கள்.

நாங்கள் சில பெண்கள் சேர்ந்து, மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்பி பின்னிக் கொடுக்க விரும்புகிறோம். எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, தோவாளை

பின்னத் தொடங்குமுன் குழந்தைகள் பிரிவின் செவிலியரிடம் சென்று, தேவைப்படுகிறதா, எந்த அளவில், எந்த நூலில் என்று கேளுங்கள். கேளாமல் கொண்டுபோய்க் கொடுத்தவை அலமாரியில் கிடக்கும். பிறந்த குழந்தையின் உடலோடு ஒப்பிட்டால் தலை பெரிது; அதன் வழியே வெப்பம் விரைவில் வெளியேறுகிறது. அதனால்தான் எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பில், குழந்தைக்குத் தொப்பி அணிவிக்கிறார்கள்.

நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறத்தாழ 33 முதல் 36 செ.மீ. வரை, குறைமாதக் குழந்தைக்கு இதைவிடக் குறையும். மென்மையான பருத்தி நூலே போதும். பொத்தான், மணி, குஞ்சம், கழுத்தில் கட்டும் நாடா ஆகியவை வேண்டவே வேண்டாம். நூல்முனைகளை நன்றாக உள்ளே செருகி மறையுங்கள். தளர்ந்த இழை குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளக்கூடும். உள்ளே பூவேலை நூல் நீளமாக ஓடும் வண்ணப் பின்னலையும் இதே காரணத்தால் தவிருங்கள்.

இன்னொன்றையும் தாய்மாரிடம் சொல்ல வேண்டும். நலமாக வீடு திரும்பிய குழந்தைக்கு, வீட்டுக்குள் உறங்கும்போது தொப்பி போடக் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் உடல் அளவுக்கு மீறிச் சூடாகும். தொப்பி நழுவி மூக்கை மூடவும் கூடும். பாட்டிமார் இதற்கு எளிதில் இணங்க மாட்டார்கள். மருத்துவர் வாயால் சொல்லவைப்பதே வழி.

பின்னத் தொடங்கி ஒரு மாதமாகிறது. வலது கட்டைவிரலும் மணிக்கட்டும் வலிக்கின்றன. மழைக்காலத்தில் ஊசியும் துருவேறிவிட்டது.
– வாசகி, முட்டம்

வலி தீரும்வரை ஊசியைத் தொடாதீர்கள். பிறகு தொடங்கும்போது, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து விரல்களை விரித்து மடக்குங்கள். முழங்கையைத் தலையணைமேல் தாங்கிப் பின்னுங்கள். விரல் மரத்துப்போனாலோ, இரவில் வலி எழுப்பினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். கடலோரத்தில் இரும்பு ஊசி துருவேறத்தான் செய்யும், அந்தத் துரு நூலிலும் கறையாகும்; அலுமினியமோ மூங்கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் நமது. நன்றாக உலராத பருத்தியைப் பெட்டியில் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

நான் பின்னிய விரிப்புகளைப் பார்த்து அக்கம்பக்கத்தில் விலைக்குக் கேட்கிறார்கள். மயினி (அண்ணி), "சும்மா கிடக்கிற நேரம்தானே, விற்றால் என்ன?" என்கிறார். விற்கலாமா?
– வாசகி, திருவட்டாறு

விற்பது தவறில்லை, ஆனால் அதற்குமுன் ஒரு விரிப்புக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நூல்விலையோடு அந்த நேரத்துக்கு ஒரு சாதாரணக் கூலியையாவது சேர்த்துச் சொன்னால், கேட்டவர்களில் பலர் "கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே" என்று நகர்ந்துவிடுவார்கள். இயந்திரப் பின்னலோடு விலையில் போட்டியிட எந்தக் கையாலும் முடியாது. மேலும், வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட விரிப்பு உங்கள் ஓய்வுநேரத்துக்கு உரியதன்று; அது வேலை. வருமானம் தேவைப்பட்டால் அதை வேலையாகவே எண்ணி, நேரமும் விலையும் வகுத்துச் செய்யுங்கள். தேவையில்லையென்றால், கேட்டு வருகிறவரிடம் ஒரு கண்டு நூலும் ஒரு சோடி ஊசியும் வாங்கிவரச் சொல்லித் திண்ணையில் உட்காரவைத்துக் கண்ணி ஏற்றக் கற்றுக்கொடுங்கள்; மயினியையும் கூடவே கூப்பிடுங்கள்.